பாரிஸ் வேண்டாம், வூச் போகட்டும்

திருப்பூர்க் குடும்பம். மகள் கோவையில் பி.டெக் டெக்ஸ்டைல் டெக்னாலஜி, ஐந்தாம் செமஸ்டர். கல்லூரிக்கு உள்ள மாணவர் பரிமாற்ற ஒப்பந்தத்தின்படி ஒரு செமஸ்டர் ஐரோப்பாவில் படிக்க இடம் வந்திருக்கிறது. ஊர் போலந்தில் உள்ள வூச். பெயரைக் கேட்டதுமே வீடு கலங்கிவிட்டது. லண்டனில் இருக்கும் தாய்மாமா, "போறதுன்னா பாரிஸ், மிலான்னு போகணும். போலந்துக்கா அனுப்புவாங்க?" என்கிறார். ஏஜென்ட் ஒருவர் பாரிஸில் ஃபேஷன் மேனேஜ்மென்ட், ஒரு செமஸ்டருக்குத் தங்குமிடத்தோடு 14 லட்சம் என்று கொட்டேஷன் நீட்டியிருக்கிறார். வீட்டை அடமானம் வைக்கலாமா என்பது அப்பாவின் கேள்வி. பெண்ணைத் தனியாக அனுப்பலாமா என்பது அம்மாவுடையது.

அனுப்பலாம். வீட்டை மட்டும் அடமானம் வைக்காதீர்கள்.

ஐயா, அந்த 14 லட்சத்துக்குக் கிடைப்பது பட்டம் இல்லை, ஒரு சான்றிதழ். அந்தப் பாடங்களை மகளின் கல்லூரி கிரெடிட்டாக ஏற்கும் என்று கொட்டேஷனில் ஒரு வரிகூட இல்லை. ஏற்காவிட்டால் திரும்பி வந்து ஆறாம் செமஸ்டரை ஜூனியர்களோடு உட்கார்ந்து படிக்க வேண்டும். ஒரு வருடம் போய்விடும். அதைவிடப் பெரிய விஷயம், அவள் ஃபேஷன் கேட்கவே இல்லை. வட்டக் கட்டரில் 100 சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டி எடைபோட்டு, நூறால் பெருக்கி ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில், எழுதி, துவைத்த பிறகு எவ்வளவு சுருங்கியது என்று பக்கத்திலேயே குறித்து, அந்தத் துண்டையும் ஒட்டிவைத்த நோட்டுப் புத்தகம் அவளிடம் இரண்டு இருக்கிறது. அவள் மனம் எங்கே போகிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இனி அந்த ஊர். ஆங்கில எழுத்துகளைப் பார்த்து 'லாட்ஸ்' என்று படிப்பார்கள். போலிஷ் உச்சரிப்பு ஏறக்குறைய 'வூச்'. படகு என்று பொருள், நகரச் சின்னமும் படகுதான். கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்கிறோம் அல்லவா, வூச்சுக்குப் போலந்தின் மான்செஸ்டர் என்று பெயர். கோவையில் முதல் பெரிய பஞ்சாலை 1888-இல் வந்தது. வூச்சில் 1830-களிலேயே நீராவியால் ஓடும் ஆலை எழும்பிவிட்டது; வெள்ளைத் தொழிற்சாலை என்ற அந்தக் கட்டிடத்தில்தான் இன்று மத்திய நெசவு அருங்காட்சியகம் இருக்கிறது. சோவியத் சந்தை சரிந்ததும் 1990-களில் மில்கள் வரிசையாக மூடின. மலிவுத் துணியில் போட்டி போட முடியாமல் போன ஊரில் பாதுகாப்பு உடை, மருத்துவத் துணி, தொழில்நுட்பத் துணி பற்றிய ஆராய்ச்சி நின்று நிலைத்தது. திருப்பூரில் பனியன் பின்னும் அதே நிட்டிங் தத்துவத்தில்தான் பாலியெஸ்டர் நூலால் செயற்கை ரத்தக்குழாய் பின்னுகிறார்கள். பனியன் ஊரில் பிறந்த பெண் பார்க்க வேண்டியது அதைத்தான்.

வூச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1945-இல் தொடங்கியது, அரசு நிறுவனம். பொருள் தொழில்நுட்பத்துக்கும் துணி வடிவமைப்புக்கும் ஒரு பீடம் இருக்கிறது. 1992 முதல் ஆங்கிலவழிப் பொறியியல் வகுப்புகள் நடக்கின்றன. வளாகத்தில் பழைய மில் கட்டிடங்களும் உண்டு.

பணத்துக்கு வருவோம். பரிமாற்ற இடம் என்றால் கட்டணம் இங்கேயே, வழக்கமான செமஸ்டர் ஃபீஸ் மட்டும். அங்கே டியூஷன் கிடையாது. ஆனால் இதில் இரண்டு வகை உண்டு, கல்லூரியில் பலருக்கே இந்த வித்தியாசம் தெரிவதில்லை. ஒன்று, ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் பிளஸ் நிதியோடு வரும் இடம். இதில் போலந்துக்கு மாதம் 800 யூரோ அளவில் உதவித்தொகையும், தூரத்தைப் பொறுத்துப் பயணத்தொகையும் உண்டு. இன்னொன்று, வெறும் கட்டண விலக்கு. எராஸ்மஸ் இடத்துக்கு மாணவி நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. கல்லூரிதான் அவள் பெயரை அனுப்ப வேண்டும். அதனால்தான் எந்த ஏஜென்டும் இதைப் பற்றிப் பேசுவதில்லை, அவர்களுக்கு இதில் கமிஷன் இல்லை.

மாணவர் விடுதியில் பகிர்ந்த அறை, தானே சமைத்த சாப்பாடு, டிராம் பாஸ், போன் எல்லாம் சேர்த்து மாதம் 2,500 முதல் 2,800 ஸ்வோட்டி (போலந்தின் நாணயம்) வையுங்கள். ஒரு ஸ்வோட்டி 24 ரூபாய் என்றால் 60 முதல் 67 ஆயிரம். ஐந்து மாதத்துக்கு மூன்றேகால் லட்சம், விமானம் 80 ஆயிரம், விசா, காப்பீடு, குளிர் உடை 50 ஆயிரம். மொத்தம் நாலரை முதல் ஐந்து லட்சம். எராஸ்மஸ் நிதி இருந்தால் இதில் பெரும்பகுதி திரும்பிவிடும். இல்லையென்றால் ஐந்து லட்சம் கையில் இருக்க வேண்டும், கடன் வாங்கியோ நகையை வைத்தோ அல்ல. கையில் இல்லையா, இந்த முறை விட்டுவிடுங்கள். ஒரு செமஸ்டருக்காக வட்டி கட்டுவது கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பகுதிநேர வேலை பார்த்துச் சமாளித்துக்கொள்வாள் என்ற கணக்கும் வேண்டாம். உதவித்தொகையின் முதல் தவணையும் போன அன்றே கிடைத்துவிடாது. ஒப்பந்தக் கையெழுத்து, வங்கிக் கணக்கு என்று வாரங்கள் ஓடும். முன்பணமாக 1,500 யூரோ ஃபோரெக்ஸ் கார்டில் இருக்கட்டும்.

அடுத்தது கிரெடிட். பலரும் வழுக்குவது இங்கேதான். அங்கே ஒரு செமஸ்டருக்கு 30 ஈசிடிஎஸ் கிரெடிட், அது ஐரோப்பாவின் பொதுவான கிரெடிட் முறை. ஒரு கிரெடிட் என்றால் வகுப்பும் வீட்டு உழைப்பும் சேர்த்து 25 முதல் 30 மணி நேரம். நம் கிரெடிட் கணக்கு வேறு. கிளம்புவதற்கு முன்பே லேர்னிங் அக்ரிமென்ட் என்ற தாளில் அங்கே எடுக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே இங்கே கழியும் பாடத்தின் பெயரும் குறியீட்டு எண்ணும் இருக்க வேண்டும். மாணவி, இந்தக் கல்லூரி, அந்தப் பல்கலைக்கழகம் என மூன்று கையெழுத்து. இதோடு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் ஒப்புதலைத் தனியாக எழுத்தில் வாங்குங்கள். துறைத்தலைவர் வாய்மொழியாக "பார்த்துக்கலாம்மா" என்பது செல்லாது. தன்னாட்சிக் கல்லூரியில் இது சுலபம். இணைப்புக் கல்லூரி என்றால் பல்கலைக்கழகம்வரை கடிதம் போக வேண்டியிருக்கும், மூன்று மாதம் முன்னதாகத் தொடங்குங்கள்.

அங்கே போன பிறகு, ஆள் சேரவில்லை என்று ஏதாவது ஆங்கிலவழிப் பாடத்தை நிறுத்திவிடலாம். மாணவி பதிலுக்கு வேறொன்றை எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டால், திரும்பி வரும்போது மார்க்‌ஷீட்டில் அரியர் நிற்கும். மாற்றத்துக்கென்று அதே ஒப்பந்தத்தில் தனிப் பகுதி இருக்கிறது. அதிலும் அந்த மூன்று கையெழுத்தும் உடனே விழ வேண்டும். ஈடு கிடைக்காத தியரிப் பாடத்தை மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயம் வழியாக முடிக்கக் கல்லூரி அனுமதிக்குமா என்றும் கேட்டு வையுங்கள். மதிப்பெண் முறையும் வேறு: 2 என்றால் ஃபெயில், 3 என்றால் பாஸ், 5 உச்சம். 3.5 என்று பார்த்து அழ வேண்டாம்.

எந்த செமஸ்டர் என்பதிலும் கவனம் வேண்டும். போலந்தில் குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்கிப் பிப்ரவரி வரை இழுக்கும். நம்முடைய இரண்டு செமஸ்டரையும் வெட்டிவிடும். கோடைக்கால செமஸ்டர் பிப்ரவரி இறுதியில் தொடங்கி ஜூன் கடைசி, ஜூலை முதலில் தேர்வோடு முடியும். ஆறாம் செமஸ்டர் அதற்குள் அடங்கும். ஏழாம் செமஸ்டரில் கேம்பஸ் பிளேஸ்மென்ட் தொடங்கும்போது பெண் இங்கே இருப்பாள். ஏழாம் செமஸ்டருக்கு அனுப்புகிறேன் என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

விசாவில் ஒரே எச்சரிக்கை. பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் சுற்றுலா விசா 180 நாளில் 90 நாள்தான். செமஸ்டருக்குத் தேசிய விசா, அதாவது 'டி' வகை வேண்டும். அவசரத்தில் முதல் வகையை வாங்கிக்கொண்டு போய், தேர்வுக்கு முன்பே மூட்டை கட்ட நேர்வது உண்டு. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். தூதரக நேரம் கிடைப்பதே கஷ்டம், அனுமதிக் கடிதம் வந்த அன்றே முயலுங்கள்.

அம்மாவுக்கு: விடுதி அறையை லேர்னிங் அக்ரிமென்டில் கையெழுத்தான உடனே கேட்டு உறுதி செய்யச் சொல்லுங்கள், வெளியில் வீடு தேட வேண்டாம். போய்ச் சேர்ந்த நாலாம் நாளுக்குள் முகவரிப் பதிவு முடிய வேண்டும். விடுதி அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். பிப்ரவரியில் பூஜ்யத்துக்குக் கீழே குளிர் இருக்கும். உள்ளே போடும் தெர்மலைத் திருப்பூரிலேயே வாங்குங்கள். ஜாக்கெட்டும் பூட்ஸும் அங்கே வாங்கட்டும், இங்கே விற்பவை அந்தக் குளிரைத் தாங்காது. பெரும்பாலான ஞாயிறுகளில் பெரிய கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே காய்கறி வாங்கி வைக்க வேண்டும். போலிஷ் மாணவர் அட்டை வாங்கினால் 26 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ரயிலில் 51 விழுக்காடு தள்ளுபடி. வயதான கடைக்காரர்கள் பலருக்கு ஆங்கிலம் வராது, அதற்கு ஐம்பது போலிஷ் சொற்கள் போதும்.

கோடைக்கால செமஸ்டருக்கான பெயர்கள் அக்டோபர், நவம்பரிலேயே போய்விடும், நாள் அதிகம் இல்லை. இந்த வாரமே மகள் கல்லூரியின் சர்வதேச உறவு அலுவலகத்துக்குப் போய் இரண்டு கேள்வி கேட்கட்டும்: இது எராஸ்மஸ் நிதியோடு வரும் இடமா? தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் எழுத்து ஒப்புதல் எப்போது கிடைக்கும்? பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளட்டும். வூச் பல்கலைக்கழக இணையதளத்தில் ஆங்கிலவழிப் பாடப் பட்டியல் இருக்கிறது. அதிலிருந்து 30 கிரெடிட்டுக்கு மேலாகவே, 36 அளவுக்கு, அவளே தேர்ந்தெடுத்து வரட்டும். இரண்டு பாடம் நின்றுபோனாலும் மிச்சம் இருக்கும். பட்டியல் தயாரானதும் உங்கள் மைத்துனரை அழைத்து அவளையே பேசச் சொல்லுங்கள்.