ஹவுஸ் சர்ஜன் முடித்தவருக்குப் பிரிட்டனில் எந்தப் படி?

கேள்வி: என் மகள் புதுச்சேரியில் எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறாள். பிரிட்டனில் புது டாக்டர்களுக்கு இரண்டு வருட 'ஃபவுண்டேஷன்' பயிற்சி உண்டாமே? இங்கே மிச்சமுள்ள மாதங்களை விட்டுவிட்டு அதில் சேரலாமா?
- வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: தயவுசெய்து விட வேண்டாம். ஹவுஸ் சர்ஜன் என்ற இந்த ஒரு வருடக் கட்டாயப் பயிற்சியை முடித்தால்தான் இங்கே நிரந்தரப் பதிவு கிடைக்கும். அங்கே போவதற்கும் அதுதான் அடித்தளம்.

நீங்கள் கேள்விப்பட்ட பயிற்சி 2005-இல் வந்தது. முதல் வருடம் எஃப்1, அடுத்தது எஃப்2. பொதுவாக நான்கு மாதத்துக்கு ஒரு துறை. எஃப்1 டாக்டருக்குத் தற்காலிகப் பதிவுதான்; அதை முடித்த பிறகே அங்குள்ள மருத்துவக் கவுன்சிலான ஜி.எம்.சி. முழுப் பதிவு தரும். நம் ஹவுஸ் சர்ஜன் வருடம் கிட்டத்தட்ட இந்த எஃப்1-க்குச் சமம். அதனால் இங்கே அதை முடித்தவர் அங்கே எஃப்1-இல் சேர முடியாது. ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வு, அப்புறம் வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கான பிளாப் தேர்வு என்று தேறி, நேராக முழுப் பதிவுக்கே விண்ணப்பிக்கலாம். பிளாப் முதல் பகுதியைச் சென்னையிலேயே எழுதலாம். இரண்டாவதுக்கு மான்செஸ்டர் போயே ஆக வேண்டும்.

பலர் தடுக்கி விழுவது எஃப்2 விஷயத்தில். அதைச் செய்யாதவர் சிறப்புத் துறை மேற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது, எஃப்2 முடித்தவருக்குரிய திறன் உண்டு என்று காட்டும் 'கிரெஸ்ட்' என்ற படிவத்தைக் காட்ட வேண்டும். கூடவே வேலை பார்த்து, குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து கவனித்த ஒரு மூத்த நிபுணர், ஒவ்வொரு திறனையும் தனித்தனியாகச் சான்றளிக்க வேண்டும். ஒரு வரி விடுபட்டாலும் படிவம் செல்லாது. ஹவுஸ் சர்ஜன் முடித்தபின் 12 மாத மருத்துவ அனுபவமும் கேட்பார்கள். வீட்டில் உட்கார்ந்து மேற்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.க்குப் படித்த வருடம் இந்தக் கணக்கில் வராது.

டியூட்டி டாக்டர் வேலையைக் குறைவாக நினைக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனை, நள்ளிரவில் நெஞ்சுவலியோடு ஒருவர் வருகிறார். இ.சி.ஜி. எடுத்து, முதல் மருந்து கொடுத்து, நிலைமையைக் குறிப்பெழுதி, புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போன் போட்டுச் சொல்லி ஆம்புலன்ஸில் ஏற்றுகிறார் டியூட்டி டாக்டர். மோசமாகும் நோயாளியை அடையாளம் காண்பது, அடுத்த டாக்டரிடம் சரியாக ஒப்படைப்பது. கிரெஸ்ட் கேட்பதும் இவைதான். ஆனால் கையெழுத்துப் போடும் தகுதியுள்ள நிபுணர் அங்கே தினமும் இருக்கிறாரா என்று சேரும் முன்பே விசாரியுங்கள்.

பிளாப் தேறியதும் வேலை என்ற காலமும் போய்விட்டது. அங்கே படித்தவர்களுக்கே முன்னுரிமை என்பதுதான் இப்போது அந்த அரசின் நிலைப்பாடு. ஆகவே இங்குள்ள வழியை மூடிவிடாதீர்கள். ஜிப்மர் எம்.டி., எம்.எஸ். இடங்களுக்கு நீட் பி.ஜி. இல்லை, ஐ.என்.ஐ.-சி.இ.டி. என்ற தனித் தேர்வு, வருடத்துக்கு இரண்டு முறை. வேலை பார்த்துக்கொண்டே உங்கள் மகள் அதையும் எழுதலாம்.