ஊறுகாய்க் கிண்ணமா, சர்க்கரைக் கிண்ணமா?

கேள்வி: அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிறோம். பழம்பொருள் சந்தையில் மூடி போட்ட கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை வாங்கினேன். கையால் பட்டை தீட்டியது என்றார் கடைக்காரர். உண்மையா? எலுமிச்சை ஊறுகாய் வைக்கலாமா?

பதில்: பூ வேலையின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். பட்டை தீட்டியதென்றால் விளிம்புகள் கூர்மையாக விரலை உறுத்தும். மழுங்கலாக இருந்தால் அச்சில் அழுத்திச் செய்தது. அப்புறம் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அச்சின் பாகங்கள் சேர்ந்த இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு மேலிருந்து கீழே ஓடும். சிலவற்றில் அதை நெருப்பில் காட்டி மழுக்கியிருப்பார்கள், அடிப்பாகத்தில் தேடுங்கள்.

அச்சுக் கண்ணாடி என்று தெரிந்தால் மனம் தளர வேண்டாம். எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். உருகிய கண்ணாடியை இரும்பு அச்சில் விட்டு, நெம்புகோலால் உலக்கை போன்ற ஒன்றை இறக்கி அழுத்தும் இந்த முறை 1820களில் அமெரிக்காவில் வேகம் பிடித்தது. மாசசூசெட்ஸில் டெமிங் ஜார்வ்ஸ் 1825இல் தொடங்கிய சாண்ட்விச் ஊர் ஆலை இதில் பேர் பெற்றது. ஆரம்பத்தில் அச்சின் குளிர்ச்சி பட்டுக் கண்ணாடியில் சுருக்கம் விழும். அதை மறைக்கவே பின்னணி முழுக்கப் புள்ளி புள்ளியாக வைத்தார்கள். அதுவே சரிகை போன்ற ஓர் அழகாகிவிட்டது.

அன்று நல்ல கண்ணாடியில் ஈயம், அதாவது காரீயம் (lead), கலந்திருக்கும், விலையும் அதிகம். 1864இல் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் கண்ணாடி வல்லுநர் வில்லியம் லெய்ட்டன் ஈயமில்லாத சோடா-சுண்ணாம்புக் கலவையைச் சீர்படுத்தினார். விலை இறங்கியது. குமாஸ்தா வீட்டு மேசைக்கும் ஒரே பூ வேலையில் நான்கு பொருள்கள் வந்தன: வெண்ணெய்த் தட்டு, சர்க்கரைக் கிண்ணம், பால் குவளை, கரண்டிகளை நிறுத்தி வைக்க ஒரு குவளை. உங்களுடையது பெரும்பாலும் அந்தச் சர்க்கரைக் கிண்ணமாக இருக்கும்.

சரி, ஊறுகாய்? மூடியை எடுத்துவிட்டு விளிம்பை நகத்தால் மெல்லச் சுண்டுங்கள். மணி போல ஒலி நீண்டால் ஈயம் இருக்கலாம். 'டக்' என்று நின்றால் பெரும்பாலும் இல்லை. ஆனால் இது உறுதியான சோதனை அல்ல. ஈயம் உடலுக்கு நஞ்சு; எலுமிச்சைப் புளிப்பு அதை இழுத்துக்கொள்ளும் என்பதால், எப்படி ஒலித்தாலும் ஊறுகாய் வேண்டாம். விருந்தாளிகள் வரும்போது மட்டும் சர்க்கரையோ கற்கண்டோ வைத்து நீட்டுங்கள். சூடாக எதையும் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடாமல், தொட்டியில் துண்டு விரித்து வெதுவெதுப்பான நீரில் கையால் கழுவுங்கள். மூடி உட்காரும் விளிம்புதான் முதலில் சில்லு விடும், நடுவே ஒரு மெல்லிய துணி வைத்து மூடுங்கள்.