மூன்று கோபுரம், ஒரு /24: பொது ஐபியை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம் மூன்று இடத்திலும் கோபுரம் வைத்து வயர்லெஸ் இணையம் தருகிறேன். கையில் 256 பொது ஐபி (ஒரு /24 தொகுதி) இருக்கிறது. சிசிடிவி வைத்திருக்கும் கடைக்காரர்கள் நிலையான ஐபி கேட்கிறார்கள். கோபுரத்துக்கு இவ்வளவு என்று பிரித்துவிடலாமா?

பதில்: பிரிக்காதீர்கள். ஃபீனிக்ஸில் தீர்ந்துபோகும், வெருலத்தில் சும்மா கிடக்கும். ஆளுக்கொரு /30 வெட்டுவது இன்னும் மோசம். ஒருவருக்கு 4 முகவரி செலவாகி, 64 பேரோடு கதை முடிந்துவிடும். ஆப்பிரிக்காவுக்கு ஐபி முகவரிகளைப் பங்கிடும் ஆஃப்ரினிக்கே 2020 முதல் ஒரு தடவைக்கு அதிகபட்சம் /22 (1024 முகவரி) என்று அளந்து கொடுக்கும் காலம் இது.

எல்லாவற்றையும் ஒரே பிரிட்ஜாக, அதாவது நடுவில் ரவுட்டர் இல்லாத ஒரே வலையாக, இணைத்துவிடத் தோன்றும். வேண்டாம். யாராவது ஒரு கடைக்காரர் ரேடியோ கேபிளைத் தன் ரவுட்டரின் லான் (உள் வலை) துளையில் செருகினால் போதும், ஊர் முழுக்க அவர் ரவுட்டர் ஐபி கொடுக்க ஆரம்பித்துவிடும்!

கோபுரங்களுக்கு இடையே 10-இல் தொடங்கும் தனியார் முகவரிகளே போதும். ஒவ்வொரு கோபுரத்து ரவுட்டரிலும் பிபிபிஓஇ சர்வர் (வாடிக்கையாளர் யூசர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து டயல் செய்து இணையும் முறை) வையுங்கள். வாடிக்கையாளரின் யூசர் பெயருக்கு நேராக ரேடியஸில் (வாடிக்கையாளர் கணக்குகளைச் சரிபார்க்கும் சர்வர்) அவருடைய பொது ஐபியை எழுதிவிடுங்கள். அவர் இணைந்ததும் அந்த ஒற்றை முகவரிக்கான (/32) வழியை ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் வழிகளைப் பகிரும் நெறிமுறை) மற்ற ரவுட்டர்களுக்குச் சொல்லிவிடும். கடை சாட்ஸ்வர்த்திலிருந்து ஃபீனிக்ஸுக்கு மாறினாலும் ஐபி கூடவே போகும். லோட்-ஷெடிங் மின்வெட்டில் கோபுரம் அணைந்து எழுந்தாலும் அதே ஐபிதான். ஒன்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்: உங்களுக்கு இணைப்புத் தரும் நிறுவனம் அந்த /24 முழுவதையும் உங்கள் எல்லை ரவுட்டருக்கு ரூட் செய்திருக்க வேண்டும்.

கடையில் உள்ள ரேடியோவை பிரிட்ஜ் நிலையில் (தானே ரவுட் செய்யாமல் கடத்தி மட்டும் விடும்படி) விட்டு, அவருடைய ரவுட்டரையே டயல் செய்ய விடுங்கள். ரேடியோவே டயல் செய்து நாட்டும் (NAT, பல கருவிகளை ஒரே ஐபிக்குப் பின்னால் வைக்கும் முறை) போட்டால், பொது ஐபி அதிலேயே நின்றுவிடும். கேமராவுக்குப் போய்ச் சேராது. வீட்டு வாடிக்கையாளர்களுக்கு, இணைய நிறுவனங்களின் உள் உபயோகத்துக்கென ஒதுக்கிய 100.64.0.0/10-லிருந்து கொடுத்து எல்லையில் நாட் செய்தால் போதும்.

அப்புறம், பிபிபிஓஇ 8 பைட்டைத் தின்றுவிடும், எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1500-இலிருந்து 1492 ஆகும். டிசிபி எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்டில் போகும் தரவின் அளவு) 1452-க்குக் குறைக்காவிட்டால் சில தளங்கள் திறக்கும், சில பாதியில் நிற்கும். ரேடியோ சிக்னலைத் திட்டிக்கொண்டே கோபுரம் ஏறுவீர்கள் (நானும் ஏறியிருக்கிறேன்).

2016-இல் மிராய் வைரஸ் பெரும்பாலும் பிடித்தது கம்பெனி பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்கள், டிவிஆர்கள் (கேமரா பதிவுப் பெட்டிகள்), ரவுட்டர்கள் போன்றவற்றைத்தான். கடைக்காரர் அந்தப் பாஸ்வேர்டை மாற்றும்வரை பொது ஐபியைக் கொடுக்காதீர்கள்.