நச்சு வெளியேறுகிறது என்று சொன்னது யார்?

கேள்வி: வயது 41. எப்போதும் சோர்வு, நாக்கில் வெள்ளைப் படிவு, முகப்பரு. உடலில் நச்சு சேர்ந்திருப்பதன் அறிகுறிகள் இவை என்று இணையத்தில் படித்து, ஐந்து வாரமாக டீடாக்ஸ் மாத்திரையும் பச்சைச் சாறும் எடுத்து வருகிறேன். 4 கிலோ குறைந்திருக்கிறது. சில நாட்களாகச் சிறுநீர் கரும்பழுப்பாகப் போகிறது, இரவில் உடம்பெல்லாம் அரிப்பு. நச்சு வெளியேறுகிறது, பயப்படாதீர்கள் என்கிறார் விற்றவர். இன்னும் எத்தனை நாள் தொடரலாம்?

பதில்: ஒரு நாள்கூட வேண்டாம். மாத்திரை, சாறு இரண்டையும் இன்றே நிறுத்துங்கள்.

கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கரும்பழுப்புச் சிறுநீரும் அரிப்பும்தான் உங்கள் கடிதத்தில் முக்கியமானவை. தண்ணீர் போதவில்லை என்றாலும் சிறுநீர் அடர் மஞ்சளாகும். ஆனால் நன்றாகத் தண்ணீர் குடித்ததும் வெளுத்துவிடும். குடித்தும் பால் சேர்க்காத தேநீரின் நிறத்திலேயே போனால், பித்தத்தில் கழிய வேண்டிய பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி சிறுநீரில் இறங்குகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். கண்ணில் மஞ்சள் தெரிவதற்கு முன்பே இது தெரியலாம். கூடவே அரிப்பும் இருப்பதால் கல்லீரலைப் பார்த்தே ஆக வேண்டும்.

இன்றோ நாளையோ மருத்துவரிடம் போய்க் கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனையும், ரத்தம் உறையும் தன்மையைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையும் செய்யுங்கள். மாத்திரை டப்பாவைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பெயரைவிட லேபிளில் உள்ள பொருட்களின் பட்டியல்தான் அவருக்கு வேண்டும். கண் மஞ்சளாவது, வாந்தி நிற்காதது, காரணமில்லாமல் ரத்தக்கசிவு, தூக்கக் கலக்கம், குழப்பமான பேச்சு இவற்றில் ஒன்று வந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இயற்கைப் பொருள்தானே என்பீர்கள். இத்தகைய மாத்திரைகள் பலவற்றில் பச்சைத் தேயிலையின் செறிவூட்டிய சாரம் இருக்கும். கோப்பையில் குடிக்கும் தேநீரோடு அதை ஒப்பிடக் கூடாது. மாத்திரை வடிவில் நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் அதிலுள்ள ஈஜிசிஜி (கேட்டசின் வகை வேதிப்பொருள்) உள்ளே போனால் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் ரத்தத்தில் உயரக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. உங்கள் டப்பாவில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. விற்றவருக்கும் தெரியுமா என்பது சந்தேகம்தான்!

உடம்பு சரியானால் மருந்து வேலை செய்கிறது, மோசமானால் நச்சு வெளியேறுகிறது. இப்படிப் பேசுபவர் எப்படியும் தோற்கப்போவதில்லை. நீங்கள்தான் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுவீர்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

நச்சு என்கிறார்களே, எந்த நச்சு? ஈயம் ஏறியிருந்தால் ரத்தத்தில் அளந்து பார்த்து, அதற்கென்று உள்ள மருந்தைக் கொடுப்போம். டீடாக்ஸ் விற்பவர்கள் பெயரும் சொல்வதில்லை, அளந்தும் காட்டுவதில்லை. அம்மோனியாவை யூரியாவாக மாற்றும் வேலையைக் கல்லீரல் பார்க்கிறது. சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. இவற்றைச் சாறு ஊற்றிக் கழுவ முடியாது. சொல்லப்போனால், ஆக்ஸலேட் என்ற உப்பு மிகுந்த கீரைச் சாற்றை அளவுக்கு மீறிக் குடித்துச் சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் உண்டு.

4 கிலோ குறைந்ததில் பெருமைப்பட அதிகம் இல்லை. சாப்பாட்டைக் குறைத்ததும் உடலில் சேமித்திருந்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்தும் அதோடு ஒட்டியிருந்த நீரும் முதலில் போகும், பழையபடி சாப்பிட்டதும் திரும்பி வரும். கொஞ்சம் கொழுப்பும் தசையும் கரைந்திருக்கலாம். குறைந்தது நச்சின் எடை அல்ல.

மற்றவை சில்லறைக் கவலைகள். நாக்கின் படிவைப் பல் துலக்கும்போது வழித்துவிடுங்கள். முகப்பருவுக்குத் தோல் மருத்துவரிடம் களிம்பு இருக்கிறது. அரிப்புக்கோ காய்ச்சலுக்கோ நீங்களாக எந்த மாத்திரையும் வாங்கிப் போடாதீர்கள், முக்கியமாக இப்போது பாராசிட்டமால் வேண்டாம். அப்புறம் அந்தச் சோர்வு: ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கல்லீரலுக்காக எடுக்கும் ரத்தத்தோடு சேர்த்தே கொடுத்துவிடலாம்.