ஒன்றரை ஷிப்ட் முடிந்து தனியாக நடந்து வரும்போது பைக்கில் பின்னால் வருகிறார்கள். பெப்பர் ஸ்பிரே வாங்கலாமா, எது நல்லது?

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் ரூமுக்கு நடந்து வரும்போது பைக்கில் இரண்டு பேர் பின்னாலேயே வந்து பேசுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். முன்னால் வந்த பதில்களில் பாதி "அந்த நேரத்துக்கு ஏன் தனியாகப் போகணும்" என்றுதான் இருக்கிறது. ஒன்றரை ஷிப்ட் பார்க்காமல் இந்த ஊரில் வாடகையும் சீட்டுப் பணமும் கட்ட முடியாது என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன? நேரத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

ஸ்பிரே வாங்குங்கள். நம் நாட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. புகை மாதிரிப் பரவுகிற வகை, தண்ணீர்த் தாரை மாதிரி நேராகப் போகிற வகை என்று இரண்டு உண்டு. கொங்குப் பக்கத்துக்கு இரண்டாவதுதான் சரி. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்றில்தான் பல்லடம், உடுமலைக் காற்றாலைகளே சுற்றுகின்றன. அந்தக் காற்றில் மேற்கே பார்த்துப் புகையை அடித்தால் நம் கண்ணிலேயேதான் விழும். காகிதத்தில் மடித்த மிளகாய்ப் பொடிக்கும் இதே கதி. ஆறு முதல் பத்தடிக்குள், கண்ணைப் பார்த்து, ஒரு நொடி அழுத்திவிட்டு உடனே பக்கவாட்டில் விலகிப் போய்விட வேண்டும். வாங்கிய அன்றே பூட்டைத் திறந்து, காற்று போகும் திசையில் ஒரு தடவை அடித்துப் பாருங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள். நாளானால் உள்ளே அழுத்தம் குறைந்து முனையிலேயே சொட்டும். ஹேண்ட்பேக்கில் டிபன் பாக்ஸுக்கு அடியில் கிடந்தால் வாங்காததற்குச் சமம்.

ஆனால் ஹெல்மெட் போட்டு ஓடும் பைக்கில் இருப்பவனிடம் ஸ்பிரே அநேகமாகப் பலிக்காது. கண்ணாடி தடுத்துவிடும். பஸ்ஸுக்குள் அடித்தால் பக்கத்துப் பாட்டிக்கும் சேர்த்துத்தான் எரியும். சட்டத்தில் தற்காப்பு உரிமை, பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை, ஆபத்து இருக்கும்வரை மட்டும்தான். அவன் கீழே விழுந்த பிறகு திரும்பப் போய் இன்னொரு தடவை அடித்தால் வழக்கு உங்கள் பக்கம் திரும்பும்.

பைக்குக்கு வேறு வழி. ரோட்டின் வலது ஓரமாக, எதிரே வண்டி வருகிற பக்கம் நடங்கள். பின்னாலிருந்து ஒட்டி வருவது அவனுக்குக் கஷ்டம். பை சுவர்ப் பக்கத் தோளில் இருக்கட்டும். பின்தொடர்கிறான் என்று தெரிந்தால் சட்டென்று திரும்பி வந்த வழியே நடங்கள். பைக் யூ டர்ன் அடிக்க வேண்டும், நடுவில் மீடியன் இருந்தால் வெகுதூரம் போக வேண்டும். அந்த நேரம் நமக்குப் போதும். எக்காரணம் கொண்டும் நேராக ரூமுக்குப் போகாதீர்கள், வீட்டைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். நம் ஊரில் முக்குக்கு முக்கு பேக்கரி இருக்கிறது. உள்ளே போய்க் கல்லாவில் இருப்பவரிடம், "அண்ணா, அந்தக் கறுப்பு பல்சர் பின்னாலயே வருதுங்க, கொஞ்ச நேரம் இங்க நிக்கறேனுங்க" என்று காதில் விழும்படி சொல்லுங்கள். கல்லாவுக்கு மேலே கேமரா இருக்கும். நீங்கள் நின்றதும், வெளியே அவன் நின்றதும் பதிவாகும். பேக்கரி வாசலில் சிகரெட்டோடு நாலு ஆண்கள் நிற்பார்கள், உண்மைதான். அவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. "எல்லா ஆம்பளையும் அப்படியா" என்று கீழே வந்து எழுதப் போகிறவர்கள் இந்த வரியை ஒரு தடவை படித்துவிட்டு வரவும்.

வண்டி நம்பரில் முன் எழுத்துகளை விட்டுவிடுங்கள். திருப்பூரில் பெரும்பாலும் டிஎன் 39, இல்லாவிட்டால் 42. கடைசி நாலு இலக்கம், வண்டி நிறம், மாடல், டேங்க்கில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் ஆகியவைதான் தேடித் தரும். எழுத நேரம் இருக்காது. வாட்ஸ்அப்பில் தோழிக்கு வாய்ஸ் மெசேஜாகச் சொல்லிவிடுங்கள், நேரமும் தானாகப் பதிவாகிவிடும். லைவ் லொகேஷனில் 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்று இருக்கும், எட்டை அழுத்துங்கள். பேட்டரி சேவர் ஓடினால் லொகேஷன் பாதியில் நின்றுபோகும், அதை அணைத்து வையுங்கள்.

112 அடித்தால் எடுப்பவர் உங்கள் ஊர்க்காரராக இருக்க வேண்டியதில்லை. "காந்தி நகர்ல நிக்கறேன்" என்றால் அவருக்கு என்ன புரியும், காந்தி நகர் எந்த ஊரில்தான் இல்லை? மாவட்டம், ஊர், ரோடு, எதிரே தெரியும் கடைப் பெயர்ப் பலகை என்று இந்த வரிசையில் சொல்லுங்கள். பைபாஸில் நின்றால் கிலோமீட்டர் கல். தமிழ்நாடு போலீஸின் 'காவல் உதவி' செயலியில் சிவப்புப் பட்டன் இருக்கிறது. பெயர், உறவினர் நம்பர், லொகேஷன் அனுமதி எல்லாம் பகலிலேயே கொடுத்து வைத்தால்தான் இரவில் பயன்படும். 181 மகளிர் உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். ஆலோசனைக்கும் அடுத்து என்ன செய்வதென்று கேட்பதற்கும் நல்லது. ஆள் எதிரில் நிற்கும்போது 112தான்.

எனக்கு ரொம்ப நாளாக இருக்கிற ஒரு எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லைதான். சேலம், ஈரோட்டிலிருந்து கோவை போகிற பஸ்கள் சில, இரவானால் ஊருக்குள் வராமல் பைபாஸ் பாலத்தடியிலேயே ஆளை இறக்கிவிட்டுப் பறக்கின்றன. பெருந்துறை, அவிநாசிக்காரர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். விளக்கு யார் போடுவது என்று நெடுஞ்சாலையும் பஞ்சாயத்தும் ஒன்றையொன்று கை காட்டும். டாஸ்மாக் மூடுவது பத்து மணிக்கு. ஆக, பாலத்தடியில் அந்தப் பத்து, பத்தரைதான் மோசமான நேரம், நடுச்சாமம் அல்ல. ஏறும்போதே கண்டக்டரிடம் "ஊருக்குள்ள போகுமுங்களா" என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

பஸ்ஸுக்குள் என்றால் "ஏய்", "ச்சீ" என்று கத்தினால் யாரையென்று தெரியாது, அவனும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்வான். "நீலக் கட்டம் போட்ட சட்டை, கையை எடு" என்று சொல்லுங்கள். மொத்தப் பஸ்ஸும் அந்தச் சட்டையைத் தேடும். அடுத்து கண்டக்டர். 2022-இல் மோட்டார் வாகன விதிகளைத் தமிழ்நாடு அரசு திருத்தியது. உற்றுப் பார்ப்பது, விசிலடிப்பது, கண்ணடிப்பது எல்லாம் அதில் வருகிறது. அப்படிச் செய்பவனைக் கண்டக்டர் இறக்கிவிடலாம், வழியிலுள்ள ஸ்டேஷனில் ஒப்படைக்கலாம். "விடும்மா, டைம் ஆகுது" என்று நாலு பேர் சொல்வார்கள். இறக்கிவிடுவதா, ஸ்டேஷனா என்று கண்டக்டரிடம் நீங்களே கேட்டுவிடுங்கள். மகளிர் இலவச டிக்கெட்டைக் கசக்கிப் போடாதீர்கள். அதிலுள்ள சீரியல் நம்பரை வைத்தே எந்த பஸ், எந்த டிரிப் என்று டிப்போவில் எடுத்துவிட முடியும். சேஃப்டி பின் நல்ல ஆயுதம்தான், பாட்டிகள் காலத்துச் சொத்து. ஆனால் குத்து வாங்கியவன் நாளைக்கு வேறு பஸ்ஸில் ஏறுவான்.

ரயிலில் மகளிர் பெட்டி காலியாக இருந்தால் ஏறாதீர்கள். நடுவழியில் காலியானால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, ஆள் இருக்கிற பொதுப் பெட்டிக்கு மாறுங்கள். 2025 பிப்ரவரியில் கோவை–திருப்பதி இன்டர்சிட்டியில் கர்ப்பிணிப் பெண் ஒருவர் தள்ளிவிடப்பட்டது இப்படி மற்ற பெண்கள் இறங்கிப் போன மகளிர் பெட்டியிலிருந்துதான். ரயிலுக்கு 139.

இனி புகார். பெரும்பாலானவை கெட்டுப் போவது இங்கேதான். "தகாத வார்த்தைகளால் திட்டினார், தகராறு செய்தார்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறோம். அவன் சொன்ன வார்த்தை வாயில் வராத வார்த்தை என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் அதை அப்படியே எழுத வேண்டும். இல்லாவிட்டால் சாதாரண வாய்த்தகராறாகப் போய்விடும். பிரிவு எது என்பது நீங்கள் எழுதும் செயலைப் பொறுத்தது. பாரதிய நியாய சன்ஹிதாவில், உடம்பில் கை வைத்தால் 74; ஜாமீனில் விட முடியாத பிரிவு. ஆபாசமாகப் பேசினால் 75, சைகை, சொல்லால் மானத்தைக் குலைத்தால் 79. பின்தொடர்ந்தால் 78. கை எங்கே பட்டது, துணி மேலா, எத்தனை முறை, எந்தக் கடை எதிரில், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் வேண்டும். 78-க்கு இன்னொன்று தேவை: விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் அவன் திரும்பத் திரும்ப வந்திருக்க வேண்டும். அதனால் சும்மா தலையைக் குனிந்து போகாமல், யாராவது பக்கத்தில் இருக்கும்போது ஒரு தடவை "பின்னால வராதே, எனக்குப் பிடிக்கலை" என்று சத்தமாகச் சொல்லிவிடுங்கள். அன்றிலிருந்து தேதி, நேரம், இடத்தைப் போனில் குறித்து வையுங்கள். இவை தவிர 1998-இல் வந்த தமிழ்நாடு பெண் துன்புறுத்தல் தடைச் சட்டமும் உண்டு. 2025-இல் அதன் தண்டனையைக் கூட்டியிருக்கிறார்கள்.

நாளை போகலாம், நாளன்னிக்குப் போகலாம் என்று தள்ளாதீர்கள். கடைக் கேமராவில் பழைய பதிவு மேல் புதியது ஏறிவிடும், சில கடைகளில் ஒரே வாரம்தான். எந்தெந்தக் கடையில் கேமரா இருக்கிறது என்று புகாரிலேயே எழுதிவிட்டால் ஸ்டேஷனுக்கு வேலை சுலபம்.

ஸ்டேஷனில் சிஎஸ்ஆர் ரசீது கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். அது புகார் வாங்கியதற்கு ரசீது, அவ்வளவுதான். எஃப்ஐஆர் கேளுங்கள், நகல் இலவசம். 2024 ஜூலையில் வந்த புது நடைமுறைச் சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 173-ஆவது பிரிவுப்படி எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. உங்கள் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பினால் 3 நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். பதிய மறுத்தால் அதே மனுவைப் பதிவுத் தபாலில் எஸ்பிக்கு அனுப்புங்கள். திருப்பூர், கோவை நகரம் என்றால் கமிஷனர் ஆபீசுக்கு. அங்கேயும் அசையவில்லையென்றால் மாஜிஸ்திரேட். இரண்டு பையன்களையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, அப்பா அம்மாவை உட்கார வைத்து, "இனிமேல் செய்ய மாட்டேன்" என்று எழுதி வாங்கி அனுப்பிவிடுவதுதான் வழக்கம். உங்களுக்கு அது போதும் என்றால் சரி, அது உங்கள் இஷ்டம், யாரும் குறை சொல்லக் கூடாது. ஆனால் எழுதி வாங்கியதில் ஒரு நகல் கேளுங்கள், அடுத்த தடவைக்கு உதவும். விசாரணை என்று உங்களை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி அலைய விட முடியாது, சாட்சியான பெண்ணை வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும், அது அதே நடைமுறைச் சட்டத்தில் 179.

நான் வக்கீல் இல்லை, மனு எழுதும் வேலையில் பழக்கம் என்பதால் சொல்கிறேன். சிக்கலான வழக்கென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு.

கடைசியாக, கம்பெனி வேன் இருந்தும் நீங்கள் நடந்து வருகிறீர்களா? இருந்தால் அதில் வாருங்கள். அந்த வேனில் டிரைவரோ, கூட வருபவரோ தொல்லை கொடுத்தாலும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது வேலையிடத்துப் பாலியல் துன்புறுத்தல்தான், கம்பெனி வண்டியும் அதில் சேர்த்தி. பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். காண்ட்ராக்ட் ஆள், பீஸ் ரேட் என்றாலும் கொடுக்கலாம். நாலைந்து தையல் மிஷின் வைத்த பவர் டேபிள் யூனிட், பத்து பேர்கூட இல்லை என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. விவரத்தைக் கலெக்டர் ஆபீஸில் சமூக நலத்துறையில் கேளுங்கள்.