அவங்க அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார்

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 26. பரந்தூர் விமான நிலையத்துக்காக நிலம் எடுக்கும் 13 கிராமங்களில் ஒன்றுதான் எங்கள் ஊர். ஊர்ப் பெயரும் என் பெயரும் வேண்டாம். சென்னையில் தனியார் கம்பெனியில் வேலை, வேளச்சேரியில் ஹாஸ்டல். சனிக்கிழமை ஆனால் சுங்குவார்சத்திரத்தில் இறங்கி வீட்டுக்குப் போய்விடுவேன்.

நான் காதலிப்பவர் பக்கத்து ஊர். அதுவும் அந்தப் பட்டியலில் இருக்கிற ஊர்தான். காலேஜ் பஸ்ஸில் ஆரம்பித்த பழக்கம். இப்போது ஒரகடத்தில் கார் கம்பெனியில் இருக்கிறார். ஒரே சாதி, அதனால் அந்தப் பிரச்சினை இல்லை. இரண்டு வீட்டுக்கும் அரசல்புரசலாகத் தெரியும். பெரிதாக யாரும் எதிர்க்கவில்லை. 2022-ல் விமான நிலைய அறிவிப்பு வந்தபோது எங்க அப்பாவும் அவங்க அப்பாவும் ஏகனாபுரம் போராட்டப் பந்தலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். கம்பன் கால்வாய் போனால் ஏரியெல்லாம் என்ன ஆகும் என்று இரண்டு பேரும் ஒரே மாதிரி பேசுவார்கள்.

2025 ஜூலையில் பத்திரப்பதிவு ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் அவங்க அப்பா போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவருக்கு டயாலிசிஸ் நடக்கிறது. வெளியில் வட்டிக்கடனும் உண்டு. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் எங்க அப்பா, "நெலத்த வித்தவன் வீட்டுக்கு என் பொண்ணு போகாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அதன் பிறகு எங்களுக்குள் பேச ஆரம்பித்தாலே சண்டைதான். "இத்தன வருஷம் ஒக்காந்து என்னத்தக் கண்டாரு உங்கப்பா?" என்று ஒரு நாள் கேட்டார். வாலாஜாபாத் பக்கம் ஒரு மனைப்பிரிவின் நோட்டீஸை வாட்ஸப்பில் அனுப்பி, கீழே "நம்ம வீடு" என்று போட்டிருந்தார். அன்றைக்கு பிளாக் பண்ணிவிட்டேன். இரண்டு நாள் கழித்து நானே எடுத்துவிட்டேன். "எங்க அப்பா முன்னாடி வந்து, உங்க அப்பா செஞ்சது தப்புன்னு சொல்லு, அப்புறம் கல்யாணத்தப் பேசலாம்" என்று கேட்டேன். "எங்கப்பாவ எப்பிடி நான் விட்டுக்குடுப்பேன்?" என்கிறார்.

அப்பா ராத்திரியில் தூங்குவதே இல்லை. நவரைப் பட்டத்துக்கு நாற்று விடவே மனசில்லாமல் இருந்தார். "எடுக்கப்போற நெலத்துக்கு எதுக்கு எரு?" என்று அம்மாவிடம் கேட்டாராம்.

இன்னொன்றும் இருக்கிறது. ஏக்கருக்கு 35 லட்சத்திலிருந்து 2.57 கோடி வரை என்று விலை அறிவித்தார்கள் இல்லையா? ஒரு ராத்திரி ஹாஸ்டலில் போனை எடுத்து எங்கள் மூன்று ஏக்கரைப் பெருக்கிப் பார்த்தேன். வந்த தொகையைப் பார்த்ததும் அழித்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அவரை விட்டுவிடட்டுமா? இல்லை, அப்பாவை மீறிக் கட்டிக்கொள்ளட்டுமா?

ஒரு விவசாயி மகள்,
காஞ்சிபுரம் மாவட்டம்

*

அன்புள்ள தோழிக்கு,

கடைசியில் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கணக்கை முதலில் பேசிவிடலாம். அதை யாரிடமும் சொல்லவில்லை என்கிறீர்கள். அந்தப் 13 கிராமங்களில் அப்படி ஒருமுறைகூடப் பெருக்கிப் பார்க்காத வீடு இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்தவர்களும் பார்த்திருப்பார்கள். விலை என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் மனம் அதைப் பெருக்கத்தான் செய்யும். (அதிலும் 35 லட்சம் நம் காதில் விழாது, 2.57 கோடிதான் விழும்.) தொகையைப் பார்த்துவிட்டு அழித்தது அப்பாவுக்குச் செய்த துரோகம் ஆகாது. ஆனால் அதைத் துரோகம் என்றே நீங்கள் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அதனால்தான் அந்த மனைப்பிரிவு நோட்டீஸைப் பார்த்ததும் அப்படி ஒரு கோபம் வந்திருக்கிறது. நீங்கள் இருட்டில் போட்டு அழித்த கணக்கை அவர் பகலில், "நம்ம வீடு" என்று பெயரெழுதி அனுப்பிவிட்டார்.

அவரிடம் கேட்ட நிபந்தனையை எடுத்துக்கொள்வோம். தன் அப்பா செய்தது தப்பு என்று உங்கள் அப்பா முன்னால் அவர் வந்து சொல்ல வேண்டும். ஊசி ஏற்றி ரத்தத்தைச் சுத்தப்படுத்திக்கொண்டிருக்கும் மனிதரைப் பற்றி அவர் மகன் அப்படிச் சொன்னால், அந்த மகனை நீங்களே எத்தனை நாளைக்கு மதிப்பீர்கள்? "எங்கப்பாவ விட்டுக்குடுக்க முடியாது" என்கிறார் அவர். உங்கள் கடிதம் முழுக்க நீங்கள் சொல்வதும் அதே வாக்கியம்தான். அந்த நிபந்தனையைக் கைவிட்டுவிடுங்கள். டயாலிசிஸுக்கும் வட்டிக்கும் நடுவில் போட்ட கையெழுத்து அது. அந்தப் பந்தலில் உட்கார்ந்தவர் போட்டது என்பதால் உங்கள் அப்பாவுக்கு அது இரட்டிப்பாக வலிக்கிறது. அந்த வலி நியாயமானது. அதற்கான தண்டனையை மகனுக்குக் கொடுப்பது நியாயமில்லை.

ஆனால் அவர் பேசிய இன்னொன்று இருக்கிறது. அதை நான் இவ்வளவு லேசாக விடமாட்டேன். "இத்தன வருஷம் ஒக்காந்து என்னத்தக் கண்டாரு?" என்ற கேள்வி அது. உங்கள் பக்கத்து ஊர்களில் கிராம சபை கூடியபோதெல்லாம் தீர்மானம் போட்டார்கள். 2024 மக்களவைத் தேர்தலை ஏகனாபுரம் புறக்கணித்தது. 2025 ஜனவரியில் நடிகர் விஜய் வந்து போனபோது நாடே ஒரு நாள் திரும்பிப் பார்த்தது. மறுநாளும் பந்தலுக்குப் போனவர்கள் உங்கள் அப்பாவைப் போன்றவர்கள்தான். விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பதற்குள் நான் போகவில்லை. உங்கள் அப்பாவின் எதிர்ப்பு ஜெயிக்குமா என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் வேலை முடித்து, குளித்து, தினமும் பந்தலுக்குப் போய் உட்கார்வதுதான் இத்தனை வருடமாக அவருடைய மாலைப்பொழுதாக இருந்திருக்கிறது. அதைக் கிண்டல் செய்தால் அவர் வாழ்க்கையையே கிண்டல் செய்த மாதிரி. இதை உங்கள் காதலரிடம் நேரில் சொல்லுங்கள், வாட்ஸப்பில் வேண்டாம். "உங்க அப்பா வித்ததப் பத்தி நான் இனிமே ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீயும் எங்க அப்பா ஒக்காந்ததப் பத்திப் பேசாத. மனை போட்டோ இப்ப அனுப்பாத" என்று மூன்றே வாக்கியம். நீங்கள் வேளச்சேரியிலும் அவர் ஒரகடத்திலும் இருக்கிறீர்கள். நடுவில் எங்காவது ஒரு டீக்கடை இல்லாமலா போகும்?

இவ்வளவு சொன்ன பிறகும் அவர் உங்கள் அப்பாவைச் சீண்டிக்கொண்டே இருந்தால், விட்டுவிடுவதற்கு அது போதுமான காரணம். பத்திரத்தில் இருக்கும் கையெழுத்து போதுமான காரணமில்லை.

பாலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்பநல ஆலோசகர், வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் மனைவிமார்களிடம் பேசி ஆராய்ந்தவர். உடலும் வரவில்லை, உயிரோடு இருக்கிறார் என்ற சேதியும் இல்லை என்றால் அந்தத் துக்கத்தை முடித்துவைக்கவே முடியாது என்று அவர் எழுதினார். காரியம் செய்யவும் முடியாது, காத்திருக்காமல் இருக்கவும் முடியாது. உங்கள் வீட்டில் நடப்பதும் ஏறக்குறைய அப்படித்தான். நிலம் கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் எரு போடக் கை வரவில்லை. இந்த நிலையில் இருக்கும் வீடுகளில் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுவார்கள். துக்கத்துக்கு ஒரு முகம் தேவைப்படும், பக்கத்தில் இருப்பவர் முகம்தான் சுலபமாகக் கிடைக்கும். உங்கள் அப்பாவுக்குக் கிடைத்தது அந்தப் பையனின் அப்பா முகம். உங்களுக்குக் கிடைத்தது அந்தப் பையன் முகம். அதனால்தான், "இன்றே முடிவு எடு" என்று இந்த மாதங்களில் உங்களை யார் நெருக்கினாலும் கேட்காதீர்கள் என்கிறேன். உங்களையே நீங்கள் நெருக்கிக்கொள்வதும் அதில் சேர்த்திதான்.

உங்கள் கடிதத்தில் ஒன்று விடுபட்டிருக்கிறது. நிலத்தைப் பற்றி அப்பா என்ன நினைக்கிறார், காதலர் வீட்டில் என்ன நினைக்கிறார்கள், எல்லாம் இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அது பூர்வீக நிலமாக இருந்தால் உங்களுக்கும் அதில் பங்கு உண்டு. மகளுக்கு மகனோடு சமபங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் திருத்தியது. 2005-ல் நாடு முழுக்க வந்தது. அப்பா சுயமாக வாங்கியது என்றால் கதை வேறு. ஒரு சனிக்கிழமை அப்பாவிடம் பட்டாவையும் மூலப்பத்திரத்தையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். சண்டைக்காக இல்லை. இந்த நிலத்தின் கதையை மகள் கேட்டாள் என்பதே அவருக்கு ஆறுதலாக இருக்கும். கூடவே, நாளைக்கு யாராவது "இங்க ஒரு கையெழுத்து போடும்மா, சும்மா ஃபார்மாலிட்டி" என்று, உங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரத்தை நீட்டினால் என்ன செய்வது என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார். வருமான வரம்பு கிடையாது.

அப்படி உட்காரும்போது உங்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் யோசியுங்கள். நீங்கள் திரும்பி வந்து அந்த மூன்று ஏக்கரில் நாற்று நடப்போவதில்லை என்றால், அதை உங்களுக்குள்ளாவது ஒத்துக்கொள்ளுங்கள். பயிர் வைக்கப்போகாத மகளும் அந்த நிலத்துக்காக அழலாம். இரண்டும் ஒரே மனதில் இருக்கலாம்.

அப்பாவை மீறிக் கட்டிக்கொள்வதா என்ற கேள்விக்கு இப்போது பதில் வேண்டாம் என்பேன். நீங்கள் மேஜர், சட்டம் உங்கள் பக்கம். ஆனால் தூங்காத ஒரு மனிதரிடம் வாங்கும் சம்மதமும் மறுப்பும் நிற்காது. முதலில் அவர் தூக்கத்தைப் பாருங்கள். தூக்கம் போய், எதிலும் கை வைக்க மனமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தால் அது வெறும் வருத்தம் என்று விட்டுவிடக் கூடாது. அரசின் மனநல உதவி எண் (டெலி மானஸ்) 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். அவர் பேசமாட்டார் என்றால் நீங்களே கூப்பிட்டு அவரைப் பற்றிச் சொல்லுங்கள். பக்கத்தில் அம்மாவையும் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவரும் தூங்குகிறாரா என்று நீங்கள் எழுதவே இல்லை.