இருபதில் எண்ணெய், நாற்பதில் வறட்சி: எது என் சருமம்?

சருமம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குத் தோல் மருத்துவர் பதிலளிக்கிறார்

கேள்வி: எனக்கு வயது 43. பள்ளி நாட்களிலிருந்தே எண்ணெய்ப்பசைச் சருமம். அதற்கென்று விற்கும் ஃபேஸ்வாஷைத்தான் இத்தனை வருடமும் போடுகிறேன். கொஞ்ச காலமாக முகம் கழுவியதும் கன்னம் இறுக்கிப் பிடிக்கிறது, வாயைச் சுற்றிச் செதில் செதிலாக உரிகிறது. அதே சமயம் தாடையில் பரு வருகிறது. என் சருமம் எந்த வகை, டாக்டர்?

இன்றைக்கு எந்த வகை என்று கேளுங்கள், சொல்லிவிடலாம். ரத்த வகை பிறந்ததிலிருந்து மாறாது. சரும வகை அப்படியில்லை. பதினாறு வயதில் யாரோ ‘உனக்கு ஆயில் ஸ்கின்’ என்று சொன்னதை நம்பி, நாற்பது தாண்டியும் அதே ஃபேஸ்வாஷைப் போட்டுக் கன்னத்தைக் காயவைப்பவர்கள் நிறையப் பேர். உங்களுக்கும் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

தோலில் எண்ணெய் சுரப்பது ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இடும் கட்டளைப்படி. பிறந்த குழந்தைக்கு அம்மாவின் ஹார்மோன் தாக்கம் இருப்பதால் எண்ணெய்ச் சுரப்பிகள் சுறுசுறுப்பாக இருக்கும். சில மாதங்களில் அடங்கிவிடும். பருவ வயதில் மறுபடி விழித்துக்கொள்ளும். ஆண்களுக்கு அந்தச் சுரப்பு முதுமை வரை பெரிதாகக் குறையாது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டிக் குறையத் தொடங்கும். ஒரே வயதுக் கணவன் மனைவியில் அவர் நெற்றி மின்ன, இவர் கன்னம் காய்ந்து கிடப்பதற்கு இதுதான் காரணம்.

உங்கள் வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அது குறையும்போது தோலின் ஈரம் பிடிக்கும் திறன் குறைகிறது. ஆண்ட்ரோஜனின் கை கொஞ்சம் ஓங்குவதால் தாடைப் பக்கம் பரு வருகிறது. ஆகவே வறட்சியும் பருவும் சேர்ந்து வருவதில் முரண்பாடு எதுவும் இல்லை. போதாததற்கு, இளவயதில் ஏறக்குறைய 28 நாளில் புதுப்பிக்கப்படும் மேல்தோல், வயது ஏற ஏற அதிக நாள் எடுத்துக்கொள்ளும். இறந்த செல்கள் தேங்கி முகம் மங்கலாகத் தெரியும். மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் சுமார் 30 சதவீதம் வரை குறைகிறது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பராமரிப்பை மாற்ற இதுவே சரியான நேரம் என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலில் அந்த ஃபேஸ்வாஷை நிறுத்துங்கள். நுரை அதிகம் வராத, வாசனை இல்லாத மென்மையான க்ளென்சரை இரவில் மட்டும் பயன்படுத்துங்கள். காலையில் தண்ணீர் போதும். முகம் ஈரமாக இருக்கும்போதே செராமைடும் கிளிசரினும் உள்ள மாய்ஸ்சரைசர் பூசுங்கள். முகம் முழுக்க ஒரே கிரீம் போட வேண்டும் என்று சட்டம் இல்லை. நெற்றிக்குக் குறைவாக, கன்னத்துக்குத் தாராளமாகப் போடலாம். உரிதல் அடங்கிய பிறகு பருவைப் பார்க்கலாம். அடாபலீன் ஜெல் உதவும். பட்டாணி அளவு எடுத்து, முதலில் வாரம் இரண்டு இரவு மட்டும். கர்ப்பமாக வாய்ப்பு இருந்தால் அது வேண்டாம், அசிலாயிக் ஆசிட் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. வாயைச் சுற்றி உரிகிறது என்கிறீர்கள். உதட்டை ஒட்டி ஒரு மெல்லிய வளையம் மட்டும் தெளிவாக இருந்து, அதற்கு வெளியே சின்னச் சின்னச் சிவந்த பொரிகள் தெரிகின்றனவா என்று கண்ணாடியில் பாருங்கள். அப்படியிருந்தால் அது வெறும் வறட்சி இல்லை, வாயைச் சுற்றி வரும் ஒருவகை அழற்சி. நிறம் கூட்ட என்றோ, அரிப்புக்கு என்றோ யாராவது கொடுத்த கிரீமைப் பூசினீர்களா? அதில் ஸ்டீராய்டு இருந்தால் இப்படி வரும். அந்த டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். மதியத்துக்குள் முகம் எண்ணெய் வழிகிறது, அதனால் நாளுக்கு ஐந்து முறை சோப்பு போட்டுக் கழுவுகிறேன். ஆனாலும் மூக்கோரத்தில் தோல் உரிகிறது. இது எண்ணெய்ச் சருமமா, வறண்ட சருமமா?

எண்ணெய்ச் சருமம்தான், தம்பி. ஆனால் தண்ணீர் இல்லாத எண்ணெய்ச் சருமம். வறண்ட தோல் என்றால் எண்ணெய் குறைவு. நீர் வற்றிய தோல் என்றால் ஈரம் குறைவு. இரண்டும் வேறு வேறு. எண்ணெய் வழியும் முகத்திலும் ஈரம் வற்றலாம்.

நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது. பிஎச் அளவு பெரும்பாலும் 4.5 முதல் 5.5-க்குள் இருக்கும். சாதாரணக் கட்டி சோப்பு 9, 10 என்று காரப் பக்கம் நிற்கும். மேல்தோலில் அடுக்கடுக்காக உள்ள இறந்த செல்களுக்கு நடுவே இருக்கும் கொழுப்புதான் உள்ளே இருக்கும் நீரைப் பிடித்து வைக்கிறது. ஐந்து முறை சோப்பு பட்டால் அந்தக் கொழுப்பு கரைந்து போகிறது, நீர் ஆவியாகிறது. எண்ணெய் சுரப்பதோ நிற்பதில்லை. ஏனென்றால் சோப்பு மேலே இருப்பதைத்தான் எடுக்கும், சுரப்பியின் வேகத்தை ஹார்மோன்தான் தீர்மானிக்கிறது.

காலை, இரவு என்று இரண்டு முறை க்ளென்சர் போதும். மதியம் மின்னினால் டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். மாய்ஸ்சரைசர் கட்டாயம். ஜெல் வடிவில், துளையை அடைக்காதது என்று குறிப்பிட்டதாகப் பாருங்கள். நியாசினமைடு இருந்தால் நல்லது. இரண்டு மூன்று வாரம் இப்படி இருந்துவிட்டு, அப்புறம் வகையைச் சோதியுங்கள். முகத்தை மென்மையாகக் கழுவி, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் இருங்கள். நெற்றி, மூக்கு, இரண்டு கன்னம், தாடை என்று தனித்தனியாக டிஷ்யூ வைத்து அழுத்திப் பாருங்கள். எந்தெந்த இடத்தில் எண்ணெய் ஒட்டுகிறது, எங்கே இறுக்கமாக இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சோப்பால் நோகடித்த தோலில் இந்தச் சோதனையைச் செய்தால் பொய்யான பதில்தான் கிடைக்கும். மூக்கோரச் செதில் மஞ்சளாக, பிசுபிசுப்பாக இருந்து, தலையிலும் பொடுகு இருந்தால் அது செபோரிக் டெர்மடைடிஸ் என்ற தோல் அழற்சியாக இருக்கலாம். அதற்குப் பூஞ்சைக்கு எதிரான கிரீம் தேவைப்படும்.

கேள்வி: கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்திருக்கிறது. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகவில்லை. வறட்சிதானா?

தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள். அது அழுக்கும் இல்லை, வறட்சியும் இல்லை. தொட்டால் வெல்வெட் போல இருந்தால், உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அறிகுறியாக இருக்க வாய்ப்பு அதிகம். ரத்தச் சர்க்கரையையும், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவையும் பரிசோதியுங்கள். எடை கூடுதலாக இருந்து அது குறைந்தால், இந்தக் கருமையும் மெல்லக் குறையும்.

கேள்வி: 52 வயது. வருடக்கணக்காக வண்டி ஓட்டுகிறேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் ஓட்டுவேன். ஆனாலும் ஜன்னல் பக்கக் கன்னத்தில் மட்டும் சுருக்கமும் திட்டுகளும் அதிகம். கறுப்பு நிறத்தவனுக்குச் சன்ஸ்க்ரீன் தேவையா?

தேவை. உங்கள் கவனிப்பு மிகச் சரியானது. 2012-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் 69 வயது ஓட்டுநர் ஒருவரின் படம் வெளியானது. 28 ஆண்டுகள் லாரி ஓட்டியவர். ஜன்னல் பக்க முகம் தடித்து, ஆழமான மடிப்புகளோடு, மறுபக்கத்தைவிடப் பல வருடம் மூத்ததாகத் தெரியும். வெயிலின் புற ஊதாக் கதிரில் யுவிஏ, யுவிபி என்று இரண்டு வகை நம் தோலைத் தொடும். சாதாரணக் கண்ணாடி யுவிபி கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். கொலாஜனைக் குலைக்கும் யுவிஏ ஊடுருவும். முன்பக்கக் கண்ணாடி இரண்டு அடுக்காக ஒட்டப்பட்டது என்பதால் பரவாயில்லை. பக்கக் கண்ணாடிதான் வாசல்.

வயதால் வரும் மாற்றம் இரண்டு கன்னத்துக்கும் பொதுவானது. ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக இருப்பது வெயிலின் கணக்கு. கறுத்த தோலில் மெலனின் என்ற நிறமி அதிகம் என்பதால் வெயிலில் வேகும் ஆபத்து குறைவு, சுருக்கமும் தாமதமாக வரும். ஆனால் திட்டு சீக்கிரம் விழும், போவதற்கு நாளாகும். எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத, யுவிஏ பாதுகாப்பும் உள்ள சன்ஸ்க்ரீனை இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்து முகம், கழுத்து, காது வரை பூசுங்கள். நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள். திட்டு இருப்பதால் அயர்ன் ஆக்சைடு கலந்த, நிறம் சேர்த்த வகை உங்களுக்கு நல்லது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் திட்டைக் கூட்டும், அதைத் தடுக்க வெள்ளை கிரீமால் முடியாது. அந்தத் திட்டுகளில் ஒன்று மட்டும் வளர்ந்தாலோ, ஓரம் கோணலாக மாறினாலோ, புண்ணாகி ஆறாமல் இருந்தாலோ நேரில் காட்டிவிடுங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. இரவெல்லாம் காலையும் முதுகையும் சொறிகிறார். முன்கையில் லேசாக இடித்தாலே ஊதாத் திட்டு விழுகிறது. வயசானால் அப்படித்தான் என்கிறார். அப்படியே விட்டுவிடலாமா?

விட வேண்டாம். தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பை யாரும் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. முதியவர்களின் தோலில் எண்ணெயும் வியர்வையும் குறைவு, அரிப்புக்கு முதல் காரணம் பெரும்பாலும் வறட்சிதான். கொதிக்கும் வெந்நீர் வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளித்துவிட்டு, அக்குள், இடுக்குகளுக்கு மட்டும் சோப்பு போட்டால் போதும். துண்டால் ஒற்றியதும், ஈரம் காய்வதற்குள் பெட்ரோலியம் ஜெல்லியோ யூரியா கலந்த கிரீமோ பூசிவிடுங்கள். தோல் வெடித்திருந்தால் யூரியா எரியும், அங்கே ஜெல்லி மட்டும். பாதத்தில் பூசினால் வழுக்கும், காலுறை போட்டுவிடுங்கள். விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் பொரி இருக்கிறதா, வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அது சிரங்காக இருக்கலாம், அப்படியானால் எல்லோரும் சேர்ந்து மருந்து போட வேண்டும்.

ஊதாத் திட்டுக்குக் காரணம், தோல் மெலிந்து ரத்தக் குழாய்க்குத் தாங்கல் இல்லாமல் போனது. தானாக மறையும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, நெடுநாள் ஸ்டீராய்டு எடுக்கிறாரா என்று பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். முன்கைக்கு மெல்லிய முழுக்கைத் துணி போட்டுவிடுங்கள். கை தவிர உடம்பிலும் திட்டு வந்தாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ உடனே காட்டுங்கள். இரண்டு வாரம் கிரீம் பூசியும் அரிப்பு தணியவில்லை என்றால் ரத்த அணுக்கள், இரும்புச்சத்து, சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல் எல்லாவற்றையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். போகும்போது அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துச் செல்லுங்கள், சில மாத்திரைகளாலும் அரிப்பு வரும்.